வீட்டில் செய்த கிட்டார்: தலையில் யார் பெயரை எழுதுவது?

பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி, மரத்தைத் தேய்த்து, வர்ணம் அடித்து, பிக்கப் கம்பிகளைப் பற்றவைத்து, தந்தி கட்டி வாசித்தும் பார்த்தாயிற்று. ஹெட்ஸ்டாக், அதாவது கிட்டாரின் தலை, மட்டும் வெறுமையாக நிற்கிறது. வடிவம் ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர், சத்தமும் ஏறக்குறைய அதுவே. இணையத்தில் தேடினால் சில டாலருக்கு ‘ஃபெண்டர்’ என்று எழுதிய வாட்டர்ஸ்லைடு டெக்கால் (ஒட்டும் லோகோ) கிடைக்கிறது. தண்ணீரில் நனைத்து ஒட்டி, மேலே நாலு பூச்சு லாக்கர் (பளபளப்பான மேற்பூச்சு) அடித்தால் வேலை முடிந்தது. ஒட்டலாமா?

இதைக் கேட்டு எழுதுகிற வாசகர்கள் இரண்டு கட்சி. “என் வீடு, என் கிட்டார், யாருக்கு என்ன?” என்பவர்கள் ஒரு பக்கம். “கேஸ் போட்டுவிடுவார்களா?” என்று பயப்படுபவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்புமே டெக்கால் ஒட்டும் நாளைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அந்த நாளில் எதுவும் நடக்கப்போவதில்லை. கிட்டார் உங்கள் கையைவிட்டுப் போகும் நாள் ஒன்று உண்டு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, கிட்டார் எங்கே போகும் என்பது. வீட்டு அறையிலேயே இருக்குமா, மேடை ஏறுமா, ஒருநாள் விற்கப்படுமா? இரண்டாவது, யார் ஏமாறக்கூடும்? உங்களிடம் வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள். அவரிடமிருந்து வாங்கும் மூன்றாமவருக்கு யார் சொல்வது? மூன்றாவது, சட்டம் எந்த இடத்தில் கை வைக்கிறது? நான்காவது பணம். டெக்காலின் விலையைச் சொல்லவில்லை. பின்னால் வரும் செலவைச் சொல்கிறேன்.

ஐந்தாவதாகக் கண்ணின் திருப்தி. இதை அற்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிறுவயதிலிருந்து போஸ்டரில் பார்த்த கிட்டார் அந்த எழுத்தோடுதான் மனதில் பதிந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் நெற்றி வெறிச்சென்று இருப்பதுபோலத்தான் தோன்றும்.

## பெயர் வேறு, தலை வேறு, உடல் வேறு

கிட்டாரில் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: கம்பெனியின் பெயர், ஹெட்ஸ்டாக்கின் வடிவம், உடலின் வடிவம். சட்டம் மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

உடல் வடிவத்தில் நகல் செய்பவர்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் மூன்றின் உடல் வடிவங்களையும் வணிகக்குறியாகப் பதிவுசெய்ய ஃபெண்டர் விண்ணப்பித்தது. ஸ்டூவர்ட் ஸ்பெக்டரின் நிறுவனம் உட்பட பல தயாரிப்பாளர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். 2009இல் அமெரிக்க வணிகக்குறி வாரியம் ஃபெண்டரின் விண்ணப்பத்தை ஏற்க மறுத்தது. பல பத்தாண்டுகளாக எல்லோரும் செய்யும் வடிவம் அது, அதைப் பார்த்ததும் ஒரே ஒரு கம்பெனி நினைவுக்கு வரும் நிலை இல்லை என்பது காரணம். கிட்டார் தயாரிப்பாளர் பால் ரீட் ஸ்மித்தின் சிங்கிள்கட் கிட்டார் தன் லெஸ் பால் மாடலைப்போல இருக்கிறது என்று கிப்சன் தொடுத்த வழக்கில், கீழ்நீதிமன்றம் விதித்த தடையை 2005இல் அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. ஐரோப்பாவில் 2019இல் பொது நீதிமன்றம் கிப்சனின் ஃப்ளையிங் வி வடிவத்துக்கு வணிகக்குறிப் பாதுகாப்பு இல்லை என்றது.

அதற்காக உடல் வடிவம் பொதுச்சொத்து என்று துள்ளிவிட வேண்டாம். டீன் கிட்டார்களைத் தயாரிக்கும் ஆர்மடில்லோ நிறுவனத்தின்மீது கிப்சன் தொடுத்த வழக்கில் 2022இல் ஜூரி கிப்சன் பக்கம் நின்றது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ரிக்கன்பேக்கரும் தன் வடிவங்களை விடாப்பிடியாகக் காக்கும் கம்பெனி. வழக்கு நடத்தப் பணமுள்ளவர்களுக்குள்ளேயே இவ்வளவு இழுபறி.

ஹெட்ஸ்டாக் வடிவத்தில் கம்பெனிகளின் பிடி இன்னும் இறுக்கம். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், இபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனிமீது வழக்குப் போட்டது. காரணம், திறந்த புத்தகம் போன்ற அந்தத் தலை. மறு ஆண்டே சமரசத்தில் முடிந்தது. இன்று ‘லாசூட் கிட்டார்’ (வழக்குக் கிட்டார்) என்று கூடுதல் விலை வைத்து விற்கப்படும் பழைய ஜப்பான் கிட்டார்களில் பெரும்பாலானவை எந்த வழக்கையும் பார்த்ததில்லை. வழக்கு ஒன்றுதான், புகழ் மட்டும் எல்லாருக்கும்.

பெயருக்கு வந்தால் இழுபறியே கிடையாது. ‘ஃபெண்டர்’, ‘கிப்சன்’, ‘மார்ட்டின்’ என்ற எழுத்துகள் அந்தந்தக் கம்பெனிக்கே சொந்தம்.

## சட்டம் தொடும் இடம்

அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் லேன்ஹாம் சட்டம் வணிகத்தில் பயன்படுத்துவதைத்தான் குறிவைக்கிறது. விற்கும் எண்ணமே இல்லாமல் சொந்தக் கிட்டாரில் ஒட்டிக்கொண்டால் அந்த வாசல் பொதுவாகத் திறப்பதில்லை. விற்றால் திறக்கும், அகலமாகவே. போலிக் குறியிட்ட பொருளைத் தெரிந்தே விற்பது கூட்டாட்சிக் குற்றம். தனிநபருக்கு முதல்முறையே 10 ஆண்டுவரை சிறை, 20 லட்சம் டாலர்வரை அபராதம் என்பது உச்சவரம்பு. சிவில் வழக்கில் ஒரு குறிக்கு 1,000 டாலரில் தொடங்கி, வேண்டுமென்றே செய்தால் 20 லட்சம் டாலர்வரை சட்டமே நிர்ணயித்த இழப்பீடு கேட்கலாம். ஒரு கிட்டார் விற்றவரை யாரும் சிறையில் தள்ளப் போவதில்லைதான். ஆனால் டெக்கால் அச்சிட்டு விற்பவர் நிலைமை வேறு. 2006இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொருளே இல்லாமல் போலி ஸ்டிக்கரும் லேபிளும் மட்டும் விற்பதும் அந்தக் குற்றத்துக்குள் வந்துவிட்டது.

“வாங்குபவரிடம் நகல் என்று சொல்லிவிட்டேனே” என்பது எல்லோரும் பிடித்துக்கொள்ளும் துரும்பு. அது தாங்காமல் போகலாம். ஃபெராரி கார்களின் உருவத்தை ஃபைபர்கிளாசில் செய்து விற்ற ராபர்ட்ஸ் என்பவர்மீதான வழக்கில் 1991இல் வந்த தீர்ப்பைப் பாருங்கள். வாங்கியவர்களுக்கு அது நகல் என்று தெரியும். தெருவில் பார்ப்பவர்களுக்குத் தெரியாதே என்றது நீதிமன்றம். விற்பனைக்குப் பிந்தைய குழப்பம் என்ற இந்த வாதத்தை கிப்சன் பிறகு பால் ரீட் ஸ்மித்துக்கு எதிராக வைத்தபோது, அதே ஆறாவது வட்டார நீதிமன்றம் ஏற்கவில்லை. ஸ்மித்தின் கிட்டாரில் அவருடைய பெயரே இருந்தது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்தியச் சட்டம். 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின் 29ஆம் பிரிவும் வணிக நடவடிக்கையின்போது நடக்கும் மீறலைத்தான் பேசுகிறது. ஆனால் 103ஆம் பிரிவு குற்றவியல் பிரிவு. வணிகக்குறியைப் பொய்யாகப் பொருளில் இடுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அப்படிப்பட்ட பொருளை விற்பது 104ஆம் பிரிவு, தண்டனை அதே அளவு.

## முதல் வழி: அசல் லோகோவை ஒட்டுவது

இந்த வழியின் பலம் ஒன்றே ஒன்று: கண்ணுக்கு நிறைவு. அதைக் குறைத்து மதிப்பிடவில்லை என்று முன்னமே சொன்னேன்.

ஒட்டலாம் என்பவர்கள் தவறாமல் காட்டும் உதாரணம் கன்ஸ் அண்ட் ரோசஸ் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ். 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவில் கிறிஸ் டெரிக் என்ற கைவினைஞர் 1959 மாடல் லெஸ் பாலை அச்சு அசலாகச் செய்தார், தலையில் கிப்சன் பெயரோடு. அதில் ஒன்று ஸ்லாஷ் கைக்குப் போய், 1987இல் வெளிவந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தில் ஒலித்தது. 2010இல் கிப்சன் கம்பெனியே அந்த நகலைப் பார்த்து ஒரு மாடல் செய்து ஸ்லாஷ் பெயரில் விற்றது. நகலை அசல் கம்பெனி நகலெடுத்த கதை.

எனக்கு இந்தக் கதை நேர்மாறாகப் படுகிறது. கோடிக்கணக்கானவர்கள் கேட்ட அந்தக் கிட்டாரின் தலையில் அதைச் செய்தவர் பெயர் இல்லை. டெரிக் 1987லேயே இறந்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு லெஸ் பால் வாங்கப் போனவர்கள் கிப்சனுக்குத்தான் பணம் கொடுத்தார்கள். அடுத்தவர் பெயரை ஒட்டும்போது கம்பெனிக்கு எவ்வளவு நட்டம் என்பது வாதத்துக்குரியது. செய்தவருக்கு ஆகும் நட்டத்தில் வாதமே இல்லை.

மறைந்த செலவுகளைப் பாருங்கள். பெரிய இணையச் சந்தைகளில் போலி லோகோ உள்ள கிட்டாரைப் பட்டியலிட்டால் நீக்கிவிடுவார்கள். தெரிந்தவர்கள் வட்டத்தில் விற்றால், நல்ல வேலைப்பாடுள்ள கிட்டாருக்கும் ‘போலி’ என்ற பேச்சு ஒட்டிக்கொள்ளும். சீனாவிலிருந்து வரும் போலி கிப்சன்களுக்கு ‘சிப்சன்’ என்று பட்டப்பெயரே உண்டு. உங்கள் ஆறு மாத உழைப்பும் அந்தக் கூடையில் விழும். லோகோவோடு இறக்குமதி செய்தால் சுங்கத்தில் பறிமுதலாக வாய்ப்பிருக்கிறது. இந்தியாவில் அதற்கென்றே 2007ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன.

“நான் விற்கவே மாட்டேன்” என்பது நல்ல எண்ணம்தான். நன்றாகச் செய்த கிட்டார் செய்தவரைவிட நீண்ட நாள் வாழும். உங்களுக்குப் பிறகு வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகளுக்கு அது ஃபெண்டர்தான். அவர்கள் பொய் சொல்லாமலேயே யாரோ ஒருவர் ஏமாறுவார்.

ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையர் கிட்டாரில் அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டு ஃபெண்டர் ஒட்டுவதும் இதே கணக்கு. இரண்டும் ஒரே கம்பெனி என்பது சமாதானம் ஆகாது. விலை வேறு என்பதால்தானே மாற்றுகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. உண்மையான ஃபெண்டர் நெக்கை (கிட்டாரின் கழுத்தை) புதுப்பித்தபோது டெக்கால் போய்விட்டது, அதே இடத்தில் திரும்ப ஒட்டுகிறீர்கள். இது பழுதுபார்ப்பு. பழைய சாம்பியன் ஸ்பார்க் பிளக்குகளைச் சரிசெய்து விற்றவர் வழக்கில், பழுதுபார்த்தது என்று தெளிவாக எழுதினால் சாம்பியன் என்ற பெயர் இருக்கலாம் என்று 1947இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்கும்போது அதைச் சொல்ல வேண்டும், எழுத்திலும் கொடுக்க வேண்டும்.

## இரண்டாம் வழி: ஜாடை லோகோ

அதே சாய்ந்த எழுத்து, அதே சுழிப்பு, ஆனால் வேறு சொல். தூரத்திலிருந்து ஃபெண்டர், கிட்டே போனால் உங்கள் பெயர்.

இந்தக் கலையின் மன்னர்கள் 1970களின் கடைசியில் ஜப்பானில் இருந்த டோக்காய் கம்பெனி. ஸ்ட்ராடோகாஸ்டர் பாணிக் கிட்டாரின் தலையில் ஃபெண்டரின் பழைய எழுத்து வடிவத்திலேயே தங்கள் பெயரை எழுதினார்கள். லெஸ் பால் பாணிக் கிட்டாருக்கும் அப்படியே. தரமும் நன்றாக இருந்ததால் ஃபெண்டருக்கு வலித்தது. 1982இல் ஜப்பானிலேயே கூட்டு நிறுவனம் தொடங்கி, ஸ்குவையர் என்ற பெயரில் அங்கேயே செய்து விற்கும் நிலைக்கு வந்ததில் இந்தப் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

நீதிமன்றம் பார்ப்பது எழுத்துக்கூட்டலை மட்டுமல்ல, மொத்தத் தோற்றத்தையும். இந்தியச் சட்டமும் ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருந்தாலே போதும் என்கிறது. எனவே விற்பனைக்குச் செய்பவருக்கு இது மெல்லிய பனிக்கட்டிகூட அல்ல, வெறும் தண்ணீர். ஒரே ஒரு கிட்டார், நண்பர்கள் வட்டத்தில் சிரிக்க ஒரு கேலிப் பெயர் என்றால் யாருக்கும் தீங்கில்லை. கிட்டே போய்ப் படித்தவர் ஏமாற மாட்டார். நகைச்சுவை பத்து வருடம் தாங்குமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## மூன்றாம் வழி: உரிமம் பெற்ற நெக்

வார்மத், ஆல்பார்ட்ஸ் போன்ற கம்பெனிகள் ஃபெண்டரிடம் உரிமம் வாங்கி நெக் செய்து விற்கின்றன. ஹெட்ஸ்டாக் அச்சு அசல் ஃபெண்டர் வடிவம். உரிமம் பெற்றது என்ற முத்திரை நெக்கின் அடியில், உடலோடு சேரும் இடத்தில் இருக்கும். பெயர் இருக்காது. உரிமம் வடிவத்துக்கு மட்டும்தான், லோகோவுக்கு அல்ல. இதை வாங்கிவிட்டு ‘உரிமம் இருக்கிறதே’ என்று டெக்கால் ஒட்டுபவர்கள் நிறைய.

கிட்டோடு வரும் நெக்கைவிட விலை கூடுதல், ஷிப்பிங்கும் சுங்க வரியும் தனி. ஆனால் விற்கும்போது அந்த முத்திரையைக் காட்ட முடியும் என்பதால் பணம் ஓரளவு திரும்பும். வடிவம் முக்கியம், பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

## நான்காம் வழி: வெற்றுத் தலை

தலையில் பெயர் குறைந்தால் கிட்டார் அரைகுறை என்று நினைப்பவர்கள் 1951ஐ நினைத்துக்கொள்ளலாம். லியோ ஃபெண்டர் 1950இல் தன் கிட்டாருக்கு பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார். அதே உச்சரிப்பில் கிரெட்ஷ் கம்பெனி டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்தது, ஆட்சேபம் வந்தது. அச்சடித்த டெக்கால்களை வீணாக்க மனமில்லாமல், பிராட்காஸ்டர் என்ற சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டு ‘ஃபெண்டர்’ துண்டை ஒட்டி அனுப்பினார்கள். டெலிகாஸ்டர் என்ற பெயர் வரும்வரை வந்த அந்தக் கிட்டார்களைச் சேகரிப்பாளர்கள் நோகாஸ்டர் என்கிறார்கள், விலை கேட்டால் மயக்கம் வரும். அடுத்தவர் வணிகக்குறிக்காகத் தன் டெக்காலையே வெட்டிய கம்பெனியின் பெயரை அனுமதியில்லாமல் ஒட்டுகிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கிறது.

வெற்றுத் தலையில் பொய்யும் இல்லை, செலவும் இல்லை. மரத்தின் ரேகை தெரியும். குறை என்னவென்றால் வெற்றிடத்தை அடுத்த உரிமையாளர் நிரப்பிவிடலாம். நீங்கள் நேர்மையாக விட்ட இடத்தில் அவர் டெக்கால் ஒட்டி விற்றால், உங்கள் வேலையே போலியாகிவிடுகிறது. பின்னால் மனம் மாறலாம் என்று தயங்குபவர்களுக்கு இது நல்ல தற்காலிக நிலை. லாக்கருக்கு மேலே எப்போது வேண்டுமானாலும் எதையும் சேர்க்கலாம், அடியிலிருந்து எடுப்பதுதான் கஷ்டம்.

## ஐந்தாம் வழி: சொந்தப் பெயர்

1963இல் பின்னாளில் குயீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் ஆன பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து ரெட் ஸ்பெஷல் என்ற கிட்டாரைச் செய்யத் தொடங்கியபோது கடையில் கிட்டார் வாங்கப் பணம் இல்லை. நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், தந்தியின் சுருதியை ஆட்டும் டிரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், விரல்பலகைப் புள்ளிகளுக்கு முத்துச்சிப்பி பட்டன்கள். எந்தக் கம்பெனியின் பெயரையும் கடன் வாங்காத அந்தக் கிட்டாருக்கு இன்று நகல்கள் விற்கின்றன.

எல்லோரும் பிரையன் மே ஆகப்போவதில்லை. ஆனால் பெயர் இருந்தால் பொறுப்பு இருக்கிறது. ஃப்ரெட் (விரல்பலகையின் உலோகக் கம்பி) தேய்ந்தால் யாரைக் கேட்பது என்று அடுத்தவருக்குத் தெரியும். டெக்கால் அச்சிடும் அதே பேப்பரில் உங்கள் பெயரையும் அச்சிடலாம், தமிழ் எழுத்திலேயே. ஒன்றிரண்டு செய்பவருக்குப் பதிவு தேவையில்லை. தொடர்ந்து விற்கப்போகிறீர்கள் என்றால் இந்தியாவில் தனிநபர் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

மறைந்த செலவு விலையில் வரும். தெரியாத பெயர் கொண்ட கிட்டாருக்கு மறுவிற்பனையில் பெரும்பாலும் பாகங்களின் விலைகூடத் தேறாது. அதைத் தெரிந்தே இந்த வழிக்கு வர வேண்டும். விளம்பரத்தில் ‘டெலிகாஸ்டர்’ என்று தலைப்பு வைக்காமல், சந்தையில் எல்லோரும் சொல்வதுபோல ‘டி ஸ்டைல்’, ‘எஸ் ஸ்டைல்’ என்று எழுதுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வீட்டில் மட்டும் | மேடையில் | விற்கும்போது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| அசல் லோகோ | சட்டம் பொதுவாகத் தொடாது | சம்பந்தப்பட்டவர் மனசாட்சி | குற்றம் | பட்டியல் நீக்கம், பறிமுதல், ‘போலி’ என்ற பெயர் |
| ஜாடை லோகோ | தீங்கில்லை | தூரத்தில் குழப்பம் | ஒத்திருந்தால் மீறல் | சீக்கிரம் சலிக்கும் |
| உரிமம் பெற்ற நெக் | சுத்தம் | சுத்தம் | முத்திரையைக் காட்டி விற்கலாம் | விலை, சுங்கம் |
| வெற்றுத் தலை | சுத்தம் | சுத்தம் | சொல்லி விற்கலாம் | அடுத்தவர் நிரப்பலாம் |
| சொந்தப் பெயர் | சுத்தம் | சுத்தம் | சுத்தம் | மறுவிற்பனை விலை குறைவு |

மேடை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. டிக்கெட் வாங்கியவர் கிட்டாரின் பெயரை வாங்கவில்லை, வாசிப்பை வாங்கினார். அங்கே லோகோவால் யாருக்கும் பெரிய கேடில்லை என்றே நினைக்கிறேன். கம்பெனியிடம் விளம்பர ஒப்பந்தம் இருப்பதுபோல் காட்டிக்கொள்ளாதவரை.

## என் தேர்வும், ஏற்கெனவே ஒட்டியவர்களுக்கும்

விற்கும் எண்ணம் கால் சதவீதம் இருந்தாலும் முதல் வழியை மறந்துவிடுங்கள். வடிவத்தில் ஆசை என்றால் மூன்றாவது, வேலையில் பெருமை என்றால் ஐந்தாவது. இரண்டையும் சேர்க்கவும் முடியும்: உரிமம் பெற்ற நெக், அதன் பின்பக்கத்தில் சிறிதாக உங்கள் பெயர். ஃபெண்டரின் கஸ்டம் ஷாப்பே 1995 முதல் புதுக் கிட்டாரை வேண்டுமென்றே பழசாக்கி விற்கிறது. பழமை போலி, ஆனால் பின்னால் கஸ்டம் ஷாப் முத்திரை இருக்கும், சான்றிதழும் வரும். நகலை நேர்மையாகச் செய்வது எப்படி என்பதை அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

ஆசைக்கு லோகோ ஒட்டித்தான் தீருவேன் என்பவர்கள், அழியாத இடத்தில் உண்மையை எழுதிவிடுங்கள். பழைய ஃபெண்டர் தொழிலாளர்கள் நெக்கின் அடியில் பென்சிலால் தேதி எழுதுவார்கள். அதே இடத்திலும், உடலில் நெக் உட்காரும் குழியிலும் உங்கள் பெயர், ஆண்டு, ‘நகல்’ என்ற சொல். பென்சில் வேண்டாம், சூட்டுக்கோலால் மரத்திலேயே பொறியுங்கள்.

விற்க முடிவெடுத்துவிட்டால் டெக்கால் போக வேண்டும். லாக்கருக்கு மேலே ஒட்டியிருந்தால் நகத்தாலும் டேப்பாலும் வந்துவிடும். லாக்கருக்கு அடியில் இருந்தால் அந்தப் பகுதியைத் தேய்த்து இறக்கி மறுபடி பூச வேண்டும். பொடி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கிப்சன் பாணியில் லோகோவைச் சிப்பியில் பதித்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. ஹெட்ஸ்டாக்கின் முகப்பு வெனீரை (மெல்லிய மரத்தகட்டை) இழைத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு கருங்காலித் தகடு ஒட்டுவதுதான் வழி. டியூனர் துளைகளைப் பின்னாலிருந்து துளைத்தால் தகடு பிய்ந்துவிடும், முன்பக்கத்திலிருந்து மெதுவாக இறக்குங்கள்.